விரலை விட்டுப் பிடி

தங்கச்சி, பாப்பாவின் வாயிலிருந்து விரலைப் பிடுங்குவதை இன்றைக்கே நிறுத்து. பிடுங்கப் பிடுங்க இன்னும் இறுக்கிச் சூப்புகிறாள் என்று நீதானே போனில் சொன்னாய்? அது பிடிவாதம் இல்லைடி. தூக்கம் வந்தால், பயம் வந்தால், புது ஆளைப் பார்த்துக் கூச்சம் வந்தால் அவளுக்குத் தெரிந்த முதல் ஆறுதல் அந்தக் கட்டை விரல்தான். நீ அதட்டினதும் அழுகை வருகிறது, அழுகை வந்ததும் விரல் வாய்க்குப் போகிறது. திருச்சி கே.கே. நகர் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க நீ அவள் கையைத் தட்டிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் மூலையில் உட்கார்ந்து அதற்கும் சேர்த்துச் சூப்புவாள். விட்டுப் பிடி. எந்த வயதில் விடுவது, எந்த வயதில் பிடிப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். உன்னைப் போலவே தவிக்கும் மற்ற அம்மாக்களும் படிக்கட்டும்.

இந்தப் பழக்கத்தை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வயிற்றில் இருக்கும்போதே கை சூப்பும் குழந்தைகளை ஸ்கேனில் பார்க்கலாம். உறிஞ்சும் உணர்வு இல்லாமல் எந்தப் பிள்ளையும் பால் குடித்துப் பிழைக்க முடியாது. அந்த உணர்வின் மிச்சம்தான் இது. ஸ்ரீரங்கத்துக் கடைகளில் ஆலிலைக் கண்ணன் படம் தொங்குமே, கால் கட்டை விரலை வாயில் வைத்தபடி? பெரியாழ்வாரும் கண்ணன் தன் பாதத்தைப் பிடித்துச் சுவைப்பதைப் பாட்டில் காட்டுகிறார். கைக்குழந்தைக்கு எல்லாமே வாய்தான் என்பதை நம் பெரியவர்கள் ஆசையோடு கவனித்திருக்கிறார்கள். ஆகவே, ஒரு வயதுப் பிள்ளையும் இரண்டு வயதுப் பிள்ளையும் விரல் சூப்பினால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நகத்தை ஒட்ட வெட்டு, கையைக் கழுவிவிடு, உன் வேலையைப் பார். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதுக்கும் நாலு வயதுக்கும் நடுவில் தாமாகவே விட்டுவிடும். பேச்சு வந்து, விளையாட்டு வந்து, கைக்கு வேலை வந்ததும் விரல் மறந்துபோகும்.

நாலு வயதுக்கு மேலும் தொடர்ந்தால்தான் நாம் தலையிட வேண்டும். பாப்பாவுக்கு நாலு முடியப்போகிறது. அதனால்தான் இந்தக் கடிதம் இப்போது. காரணம், சுமார் 6 வயதில் கீழ் முன்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் மேல் முன்பல்லும் மாறும். அந்தப் பற்கள் வரும்போது வாசலில் விரல் குறுக்கே படுத்திருக்கக் கூடாது. பால் பல் காலத்திலேயே பழக்கம் நின்றுவிட்டால், முன்னால் விழுந்த இடைவெளி பல பிள்ளைகளுக்கு உதடும் நாக்கும் தரும் அழுத்தத்திலேயே மெல்ல மூடிக்கொள்ளும். ஆனால் மேல்தாடை குறுகி, கடைவாய்ப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் போயிருந்தால் அது தானாகச் சரியாவது அரிது. நாலு வயதிலிருந்து ஆறு வயது வரை உனக்கு இரண்டு வருஷம் கையில் இருக்கிறது. பதற்றப்படாமல் வேலை செய்ய அது தாராளம்.

பல் எப்படி நகர்கிறது என்பதையும் தெரிந்துகொள். பல்லை நகர்த்தப் பெரிய பலம் வேண்டாம். மெல்லிய அழுத்தம், மணிக்கணக்கில் இருந்தால் போதும். பல் டாக்டர் கிளிப் போட்டு வரிசையாக்குவதும் அதே வழியில்தான். டி.வி. பார்க்கையில் ரெண்டு நிமிஷம் விரல் வாயில் இருந்தால் பல் அசையாது. ராத்திரி முழுக்க மேல் முன்பல்லின் பின்புறம் விரல் சாய்ந்து கிடந்தால்தான் மேல்பல் வெளியே துருத்துகிறது, கீழ்ப்பல் உள்ளே சாய்கிறது. கன்னம் உள்ளே குழிந்து, "ச்சக் ச்சக்" என்று சத்தம் வரும்படி உறிஞ்சும் பிள்ளைக்குக் கன்னத்துத் தசை இரண்டு பக்கமும் அழுத்தி மேல்தாடையைக் குறுக்கிவிடும். சும்மா விரலை வாயில் வைத்துக்கொண்டு கிடக்கும் பிள்ளைக்கு அவ்வளவு சேதம் இல்லை. ஆகவே பாப்பா தூங்கினதும் பக்கத்தில் உட்கார்ந்து கவனி. உறிஞ்சுகிறாளா, வெறுமனே வைத்திருக்கிறாளா? தூக்கம் பிடித்ததும் விரல் தானாக நழுவுகிறதா, விடியும்வரை இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். "கடைவாய்ப் பல்லை நல்லாக் கடிச்சுக்கிட்டு, ஈ...ன்னு காட்டு பாப்பா" என்று சொல். பின்பல் கடித்திருக்கும்போது மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா, அதில் நாக்கு எட்டிப் பார்க்கிறதா என்று கவனி. அடுத்து, ஒரு தோசையை மடித்துக் கையில் கொடு. முன்பல்லால் கடித்துத் துண்டாக்கினால் நல்லது. வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கடித்தாலோ, கையால் இழுத்துப் பிய்த்தாலோ முன்பல் ஒன்றையொன்று தொடவில்லை என்று அர்த்தம். வாயை மூடும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாக வழுக்கிப் போகிறதா என்பதையும் பார். போனில் ஒரு போட்டோ எடுத்து வை, வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னல் பக்கம் நிற்க வைத்து. மாதம் ஒரு முறை அதே இடத்தில் எடுத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

இனி, அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்லப்போகும் வைத்தியங்கள். வேப்பெண்ணெய் தடவு என்பார்கள். இதை மட்டும் தயவுசெய்து கேட்டுக்கொள்: வேப்பெண்ணெய் குழந்தையின் வாய்க்குப் போகும் எந்த இடத்திலும் படக்கூடாது. மலேசியாவில் கைக்குழந்தைகளுக்கு நாட்டு மருந்தாக உள்ளுக்கு வேப்பெண்ணெய் கொடுத்து, சில மணி நேரத்திலேயே வாந்தி, மயக்கம், வலிப்பு என்று கொண்டுவந்ததை அங்கிருந்த டாக்டர்கள் 1981-இல் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள். விரலில் தடவுவது அந்த அளவுக்கு வராதுதான். ஆனால் தினமும் ராத்திரி தடவினால் தினமும் ராத்திரி உள்ளே போகும். தலைக்கும் செடிக்கும் அது நல்ல எண்ணெய். பிள்ளையின் வாய்க்கு வேண்டாம். மிளகாய்ப்பொடி, மிளகு இதெல்லாம் கேட்கவே வேண்டாம். தூக்கத்தில் அதே விரலால் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்.

வசம்பு வளையல் பற்றியும் சொல்ல வேண்டும். பாப்பாவின் தம்பி சின்னவனுக்குக் கையில் கட்டியிருக்கிறாயே, அதைக் கழற்றி வைத்துவிடு. கை சூப்பும் வயதில் மணிக்கட்டில் வசம்பு இருந்தால் அது நேராக வாய்க்குப் போகும். உரசி நாக்கில் தடவுவதும் வேண்டாம். வசம்பில் இருக்கும் ஆசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதைப் பார்த்து, அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். பாட்டி காலத்துப் பழக்கம் என்பதால் எடுத்தெறிந்து பேச எனக்கும் மனசு வரவில்லை. அத்தையிடம் "டாக்டர் வேண்டாம்னுட்டார் அத்தை" என்று பதமாகச் சொல்லிக் கழற்று. கடையில் விற்கும் கசப்பு திரவங்களையும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதே. அவற்றால் பலன் கிடைக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அது விட விரும்பும் பிள்ளைக்கு ஞாபகப்படுத்தும் பொருளாக இருந்தால்தான். தண்டனையாகத் தடவினால், கசப்பை நக்கித் தீர்த்துவிட்டுச் சூப்பப் பழகிக்கொள்ளும்.

மிரட்டலும் அப்படித்தான். "சூப்பினா விரலை வெட்டிடுவேன்" என்பது நம் ஊரில் மட்டும் சொல்வது இல்லை. ஜெர்மனியில் ஹைன்ரிஹ் ஹோஃப்மன் என்ற டாக்டர் தன் மகனுக்காக எழுதி 1845-இல் வெளிவந்த படக்கதைப் புத்தகத்தில், விரல் சூப்பும் பையனின் இரண்டு கட்டை விரலையும் ஒரு தையல்காரர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார். எத்தனை தலைமுறைக் குழந்தைகள் அதைக் கேட்டு நடுங்கியிருக்கும்! பயந்த குழந்தைக்கு ஆறுதல் கூடுதலாகத் தேவைப்படும். பயமுறுத்தி ஆறுதலைப் பறிப்பது கொடுமை. நம் வீட்டில் யாரும், விளையாட்டுக்குக்கூட, பாப்பாவிடம் அப்படிப் பேசக்கூடாது. உன் கொழுந்தனிடம் இதை நீயே சொல்லிவிடு. "சூப்பி" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதையும் நிறுத்தச் சொல்.

சரி, எப்படித்தான் நிறுத்துவது? முதலில் ஒரு வாரம் எதுவும் செய்யாமல் கவனி. அடுப்படிக் காலண்டரில், விரல் வாய்க்குப் போகும் நேரத்தையும் அப்போது என்ன நடந்தது என்பதையும் சின்னதாகக் குறி. ஸ்கூல் விட்டு வந்து பசியோடு இருக்கும்போதா, கார்ட்டூன் பார்க்கும்போதா, தம்பிக்கு நீ பால் கொடுக்கும்போதா, ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும்போதா? எனக்கென்னவோ தம்பி பிறந்த பிறகுதான் கூடியிருக்கும் என்று தோன்றுகிறது. மூத்த பிள்ளைகளுக்கு அது சகஜம். காரணம் பிடிபட்டால் பாதி நேரங்களில் விரலைப் பற்றிப் பேசாமலேயே குறைத்துவிடலாம். பசி என்றால் ஸ்கூல் வாசலிலேயே ஒரு துண்டு கொய்யாப்பழம் கையில் கொடு. டி.வி. என்றால் மடியில் ஒரு தட்டில் பட்டாணி உரிக்கக் கொடு, மாவு உருண்டை கொடு. இரண்டு கையும் வேலையில் இருக்கும். தம்பிக்குப் பால் கொடுக்கும்போது என்றால், அவளை உன் மறுபக்கம் ஒட்டி உட்கார வைத்து உன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல். அந்தப் பத்து நிமிஷம் அவளோடு பேசு.

அதற்குப் பிறகு அவளிடம் பேச வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். கண்ணாடி முன் நிற்க வைத்து, "உனக்குப் பெரிய பல் வரப்போகுது, அதுக்கு இடம் வேணும், ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாமா?" என்று கேள். சம்மதம் அவளிடமிருந்து வர வேண்டும். "மாட்டேன்" என்றால் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துக் கேள். சம்மதித்தால் ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடு: கட்டை விரலை உள்ளே மடக்கி மற்ற நாலு விரலால் மூடிக்கொண்டால் அது குருவிக்கூடு, கட்டை விரல் உள்ளே தூங்கும் குருவி. வாய்க்குக் கை போகும்போதெல்லாம் கூட்டை மூடிப் பத்து வரை எண்ண வேண்டும். மற்றவர்கள் முன்னால் நீ "பாப்பா, குருவி" என்று மட்டும் சொன்னால் போதும். விரல் சூப்பும் விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கு அந்த ரகசியம் பெருமையாக இருக்கும்.

பரிசுக்குச் செலவு வேண்டாம். உன் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை அவளிடமே கொடுத்துவிடு. மாத காலண்டரில், சாயங்காலம் வரை விரல் போகாத நாளுக்கு அவள் கையாலேயே ஒரு பொட்டு ஒட்டட்டும். தவறிய நாள் வெறுமனே இருக்கட்டும். அதற்குக் கறுப்புப் புள்ளி, திட்டு எதுவும் வேண்டாம். ஒரு வரிசை நிறைந்தால் அவள் கேட்ட இடத்துக்குக் கூட்டிப் போ. அட்டையைத் தம்பி கைக்கு எட்டாமல் வை. பொட்டு அவன் தொண்டைக்குள் போய்விடக் கூடாது.

பகல் ஒருவாறு அடங்கினதும் ராத்திரிக்கு வா. தூக்கத்தில் போகும் விரலுக்கு அவள் பொறுப்பு இல்லை, ஆகவே அங்கே பேச்சு பலிக்காது, துணிதான் உதவும். புத்தகங்களில் கையுறை, சாக்ஸ் என்று போட்டிருக்கும். திருச்சி வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், கையுறை போட்டால் வேர்க்குரு வந்து பிள்ளை தூங்காது. அவள் அப்பாவின் பழைய வேட்டி ஒன்று எடு, துவைத்துத் துவைத்து மெலிந்து போன மல் வேட்டியாக இருந்தால் விசேஷம். அதில் தொளதொளவென்று ஒரு முழுக்கைச் சட்டை தை. கை நீளம் விரல் நுனியைத் தாண்டி நாலு விரல்கடை இருக்கட்டும், நுனியை மடித்து ஒரு தையல் போட்டு மூடிவிடு. எலாஸ்டிக், நாடா, பட்டன் எதுவும் வேண்டாம். கயிறு கழுத்திலோ விரலிலோ சுற்றிக்கொள்ளும். கழுத்தைப் பின்பக்கம் அகலமாக விட்டால் காற்றுப் போகும். துணியோடு விரலை வாயில் வைத்தால் அந்தச் சுகம் வராது, தானாக நழுவிவிடும். அவளையே துணியைத் தேர்ந்தெடுக்கச் சொல், சட்டைக்கு ஒரு பேரும் வைக்கச் சொல். அவள் விரும்பிப் போட்டால் மட்டும் போடு. ராத்திரி அழுது கழற்றினால் கழற்றிவிடு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். ஜூனில் ஸ்கூல் திறக்கும் சமயம் வேண்டாம். வீடு மாறும்போது, காய்ச்சல் வந்து தேறும்போது வேண்டாம். மார்கழியில் பகல்பத்து, ராப்பத்து, வைகுண்ட ஏகாதசி என்று உன் புகுந்த வீடு நிறைய ஆள் இருப்பார்கள். ஸ்ரீரங்கம் பெரிய கோயில் கூட்டம், ராத்தூக்கம் கெடுவது, பார்க்கிற பாட்டிமார் ஒவ்வொருவரும் விரலைத் தட்டிவிடுவது, இத்தனைக்கும் நடுவில் புதுப் பழக்கம் நிற்காது. தை பிறந்து வீடு அமைதியானதும் ஆரம்பி. நடுவில் சரிந்து மறுபடி சூப்பினாலும் கலங்காதே. ஜலதோஷம் பிடித்தாலோ, அவள் அப்பா ஊருக்குப் போனாலோ அப்படித்தான் ஆகும்.

உன் மாமியார் "அழுக்கு உள்ளே போனா உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி" என்று சொன்னதாகச் சொன்னாய். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நியூசிலாந்தின் டனிடன் நகரில் 1972–73-இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சின்ன வயதில் விரல் சூப்பிய, நகம் கடித்த பிள்ளைகளுக்கு 13 வயதிலும் 32 வயதிலும் தோலில் செய்த அலர்ஜி சோதனையில் பாதிப்புக் குறைவாக இருந்தது என்று 2016-இல் எழுதினார்கள். ஆஸ்துமாவிலும் தும்மல், மூக்கொழுகலாக வரும் அலர்ஜியிலும் வித்தியாசம் இல்லை. இதற்காகப் பழக்கத்தை வளர்க்கச் சொல்லவில்லை என்று அந்த ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் மண்ணில் விளையாடிய கையோடு கீரிப்பூச்சி முட்டையும் உள்ளே போகும். பாப்பா ராத்திரி பின்புறம் சொறிகிறாளா என்று பார். அங்கன்வாடியிலும் ஸ்கூலிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதே. 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. சூப்பும் விரலின் நக ஓரம் சிவந்து வீங்கினால் சீழ் பிடிக்கும். உடனே டாக்டரிடம் காட்டு. தோல் காய்த்து வெடித்திருந்தால் தேங்காய் எண்ணெய் போதும்.

இப்போது சின்னவன். எனக்கு உண்மையான கவலை அவனைப் பற்றித்தான். பாப்பாவின் விரலைப் பார்த்து நீ கலங்குகிறாய், அவன் வாயில் பால் பாட்டிலோடு தூங்குவது உனக்கு உறுத்தவில்லை. விரல் பல்லின் வரிசையை மாற்றும். பாட்டில் பல்லையே அரித்துவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். கழுவ எச்சில் இல்லாமல், கடைசியாக உறிஞ்சிய பால் மேல் முன்பல்லைச் சுற்றித் தேங்கி நிற்கும். கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கி விடியவிடியப் பல்லைக் கரைக்கும். கீழ் முன்பல்லை நாக்கு மூடியிருப்பதால் அது தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் பல பிள்ளைகளுக்கு மேல்பல் நாலும் கறுத்து, கீழ்ப்பல் வெள்ளையாக இருக்கும். 2002–03-இல் இந்தியா முழுக்க எடுத்த வாய்நலக் கணக்கெடுப்பில் 5 வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. உன் தெருவில் இரண்டு பிள்ளைக்கு ஒன்று.

தினமும் அவன் மேலுதட்டைத் தூக்கிப் பார். ஈறை ஒட்டிப் பல்லில் சுண்ணாம்பு பூசினது மாதிரி மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் அறிகுறி. அந்த நிலையில் டாக்டர் ஃபுளோரைடு பூசினால், நீயும் பாட்டிலை நிறுத்தினால், மறுபடி கெட்டிப்படும். பழுப்பாகி ஓட்டை விழுந்த பிறகு அடைக்கத்தான் வேண்டும். பாட்டிலை ஒரே நாளில் பிடுங்காதே. ராத்திரிப் பாலில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்கு. அவனே வேண்டாம் என்பான். பகலில் டம்ளரில் பழக்கு. ஒரு வயது நிறைந்ததும் பாட்டிலை விடத் தொடங்கினால், ஒன்றரை வயதுக்குள் வீட்டைவிட்டே போய்விடும். பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் உடம்புக்கு நல்லது என்று பாலில் போடுகிறாயே, பல்லுக்கு அவை எல்லாமே சர்க்கரைதான். நிப்பிளைத் தேனில் தொட்டுக் கொடுப்பதை அறவே விடு. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான விஷநோய் வரக்கூடும். இருமல், காய்ச்சல் சிரப் கொடுத்த பிறகும் ரெண்டு வாய் தண்ணீர் குடிக்க வை. அவன் ஸ்பூனை நீ நக்கிப் பார்த்துவிட்டு அவனுக்கு ஊட்டாதே. சொத்தையை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் அம்மாவிடமிருந்துதான் போகிறது. உன் கடைவாயில் ஒரு சொத்தை ரொம்ப நாளாகக் கிடக்கிறது, அதை முதலில் அடைத்துக்கொள்.

"விழப்போற பல்லுதானே" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதே. பால் பல் மொத்தம் 20. முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. ஆனால் பின்னால் இருக்கும் இரண்டாவது கடைவாய்ப் பல் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டும். சொத்தையாகி அதை முன்னமே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நிரந்தரப் பல் வர வழி இல்லாமல் கோணலாக முளைக்கும். இன்னொன்று, 6 வயதில் எல்லாப் பால் பல்லுக்கும் பின்னால் ஒரு புதுக் கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். எதுவும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பாப்பாவுக்கு 6 நடக்கும்போது, நடுவிலிருந்து எண்ணி ஆறாவது பல் வந்திருக்கிறதா என்று பார்.

பல் விளக்குவது காலையை விட ராத்திரிதான் முக்கியம். முதல் பல் முளைத்ததிலிருந்து ஃபுளோரைடு பேஸ்ட், 3 வயது வரை ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வரை ஒரு பட்டாணி அளவு. பேஸ்டைப் பிரஷ்ஷில் நீ போட்டுக் கொடு, துப்பச் சொல். தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாகி அங்கே பல பேருக்குப் பல்லில் பழுப்புக்கறை விழுந்ததைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது குடிநீரில் வருஷக்கணக்காகப் போனது. அரிசி அளவு பேஸ்ட்டுக்கு அந்தப் பயம் வேண்டாம், டியூப் மட்டும் பிள்ளை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். செங்கல்பொடி, கரி, உப்பு எல்லாம் எனாமலைத் தேய்த்துவிடும். ஏழெட்டு வயது வரை நீதான் விளக்கிவிட வேண்டும். தரையில் உட்கார்ந்து பாப்பாவின் தலையை உன் மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து, மேலிருந்து பார்த்தபடி விளக்கினால் உள்பக்கம் எல்லாம் தெரியும்.

டாக்டரிடம் எப்போது போவது? சின்னவனை முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை காட்டிவிடு. பாப்பாவுக்கு 5 வயது நெருங்கியும் ராத்திரிப் பழக்கம் நிற்கவில்லை என்றாலோ, தோசை சோதனையில் இடைவெளி தெரிந்தாலோ, "ச" என்பதற்கு நாக்கை வெளியே நீட்டிப் பேசினாலோ, தாடை ஒரு பக்கம் வழுக்கினாலோ காத்திருக்காதே. வாயைத் திறந்தே தூங்கிக் குறட்டை விட்டால், பல் டாக்டரோடு காது, மூக்கு, தொண்டை டாக்டரையும் பார்; மூக்கின் பின்னால் சதை வளர்ந்து வாயால் மூச்சு விட்டாலும் முன்பல் இதேபோல் திறந்துகொள்ளும். மேல்வாயில் ஒட்டும் கம்பித் தடுப்பு ஒன்று உண்டு, அதைப் பொதுவாக நிரந்தரப் பல் வரும் வயதில், பிள்ளையும் சம்மதித்தால் போடுவார்கள். நாலு வயதில் யாராவது உடனே போடலாம் என்றால் இன்னொருவரிடமும் கேள்.

உன் பக்கத்தில் கிளினிக் நிறைய இருக்கிறது, எம்.டி.எஸ். முடித்த குழந்தைகள் பல் டாக்டரா என்று விசாரித்துப் போ. செலவு கையைக் கடித்தால் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் பல் பிரிவு இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறார்கள். ஏர்போர்ட் தாண்டி அதே சாலையில் நேராகப் போக வேண்டியதுதான். சின்னவனின் பெயரை அங்கன்வாடியில் பதிந்திருந்தால், 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் டாக்டர் குழு வரும் நாளில் அவன் பல்லையும் பார்க்கச் சொல்லலாம். எங்கே போனாலும் நன்றாகத் தூங்கி எழுந்து சாப்பிட்ட நேரமாகப் பார்த்துக் காலையில் கூட்டிப் போ. "ஊசி போடமாட்டாங்க" என்று நீயாகச் சொல்லாதே, ஊசி என்ற பேச்சே வேண்டாம். "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பாங்க" என்று சொல். காலண்டரையும் போட்டோக்களையும் எடுத்துக்கொள். எத்தனை மணி நேரம், எந்த விரல், எந்தப் பக்கம் என்று அவர்கள் கேட்பார்கள்.